அடிக்குறிப்பில் ஒரு பெயர்

என் பேத்தி பிரான்சில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நான்கு வருடம் இருந்து தேஸ் முடித்தாள். போன மாசம் ஊருக்கு வந்தபோது அதன் அச்சுப் பிரதி ஒன்றை எனக்கென்று கொண்டுவந்தாள். 200 பக்கத்துக்கு மேல் இருக்கும். பிரெஞ்சில்தானே எழுதியிருக்கிறாள், நாமும் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில் படித்தவன்தானே என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே தோற்றுப்போனேன். வார்த்தைகள் எல்லாம் தெரிந்தவைதான். நடுநடுவே வரும் கணக்குகள்தான் பிடிபடவில்லை.

"தாத்தா, அதையெல்லாம் படிக்க வேணாம். முதல்ல நன்றி சொல்லியிருக்கேன் பாருங்க, அது போதும்" என்றாள்.

அதைப் படித்தேன். பேராசிரியர், கூடப் படித்தவர்கள், அப்பா அம்மா, நான் எல்லாரும் இருந்தோம். விசா காகிதங்களுக்கு அலைந்து உதவிய அலுவலகச் செயலாளர் அம்மாள் இருந்தார். கடைசியாக ஓர் எஞ்சினியர். கணினிகளைப் பார்த்துக்கொள்பவராம். இவள் பயன்படுத்திய புரோகிராமில் பாதிக்கு மேல் அவர் எழுதியதாம். "அப்படியென்றால் நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் அவர் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டேன். "கட்டுரை முடிவில் நன்றின்னு போட்டிருக்கோம் தாத்தா. எல்லா இடத்திலயும் அப்படித்தான்" என்றாள்.

எல்லா இடத்திலும் அப்படித்தான். 35 வருடம் ஃபைல்களோடு குப்பை கொட்டிய குமாஸ்தாவுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. இருந்தாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஓர் அணை எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்று அறிய அணையை உடைத்துப் பார்க்க முடியாது. ஆகவே அதைக் காகிதத்திலோ கணினியிலோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எப்படித் தள்ளுகிறது, இழுக்கிறது என்று கணக்குப் போட்டு எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். பாலம், விமான இறக்கை, செயற்கை மூட்டு எல்லாவற்றுக்கும் இதே வழி. இதைப் பிரெஞ்சில் மெக்கானிக் நூமெரிக் என்கிறார்கள்.

கணினி வருவதற்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது. 1910-இல் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் எகிப்தின் அஸ்வான் அணைக்கு இப்படி ஒரு கணக்குப் போட்டார். எண்களைக் கூட்டிக் கழிக்கப் பையன்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டார். ஒரு புள்ளிக்கு இத்தனை பென்னி, எண்ணில் இலக்கங்கள் கூடினால் கூலியும் கூடும், தப்பாகப் போட்டதற்குக் காசு கிடையாது. கெட்டிக்காரப் பையன் வாரத்துக்கு ஏறக்குறைய 2,000 கணக்குகள் போட்டானாம். கம்ப்யூட்டர் என்ற வார்த்தை அந்தக் காலத்தில் மனிதரைத்தான் குறித்தது.

இப்போது நான் சொல்ல வந்த கதை. அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் என்று ஓர் ஆய்வுக்கூடம். அணுகுண்டு செய்த இடம் என்று நமக்கெல்லாம் தெரியும். அந்த நாளில் அதை நிர்வகித்தது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அங்கே மேனியாக் என்று ஒரு கணினி இருந்தது. 1953-இல் மூன்று பெரிய மனிதர்கள் அதில் ஒரு பரீட்சை செய்து பார்க்க நினைத்தார்கள். ஒருவர் நோபல் பரிசு பெற்ற என்ரிக்கோ ஃபெர்மி. இன்னொருவர் போலந்திலிருந்து வந்த கணித மேதை உலாம். மூன்றாமவர் பாஸ்டா, ஒரு காலத்தில் நியூயார்க்கில் போலீஸ்காரராக இருந்தவர்.

பரீட்சை இதுதான். வரிசையாகச் சில எடைகள், நடுவில் சுருள் கம்பிகள். ஒரு வீணைத் தந்தி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பிகள் முழுக்க ஒழுங்காக இழுபடாமல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தந்தியை ஒரே சுரத்தில் அதிரவிட்டால் அந்தச் சக்தி நாளடைவில் எல்லாச் சுரங்களுக்கும் பரவி, சரிசமமாகப் பங்கிட்டுக்கொள்ளப்படும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. சக்தி சில சுரங்களுக்குள் சுற்றிவிட்டு, ஏறக்குறைய முழுவதும் முதல் சுரத்துக்கே திரும்பி வந்துவிட்டது. இதிலிருந்து ஒரு புதிய கணிதமே கிளைத்தது. அந்த மூவரின் பெயரை வைத்து, ஃபெர்மி பாஸ்டா உலாம் பிரச்சினை என்று 50 வருடத்துக்கு மேல் அழைத்தார்கள்.

கணினிக்கு அந்தக் கணக்கைப் புரியும்படி எழுதி, ஓட்டி, விடை எடுத்தது யார்? மேரி ட்சிங்கூ என்ற இளம் பெண். 1928-இல் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர், 1952-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். 1955 மே மாதத்து அறிக்கையில் அவருக்கு ஒரு நன்றி உண்டு. எங்கே? அடிக்குறிப்பில்.

ஒரு குமாஸ்தாவின் கண் நிற்கிற இடம் ஒன்று இந்த அறிக்கையில் இருக்கிறது. அதன் முகப்பில் இரண்டு பட்டியல்கள். வேலையைச் செய்தவர்கள் என்று நான்கு பெயர், அதில் ட்சிங்கூ இருக்கிறார். அறிக்கையை எழுதியவர்கள் என்று மூன்று பெயர், அதில் அவர் இல்லை. ஆகவே மூலக் காகிதம் அவரை மறைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் இரண்டாவது பட்டியலை மட்டும் எடுத்து எழுதினார்கள். அவர்களைப் பார்த்து எழுதியவர்களும் அப்படியே எழுதினார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் செக்‌ஷனில் பழைய பிரெஞ்சு ஃபைல்கள் நிறைய இருந்தன. நகல் எடுத்தால் கடைசியில் கோப்பி கோன்ஃபோர்ம் என்று எழுதி முத்திரை குத்த வேண்டும். மூலத்துக்கு ஒத்த நகல் என்று அர்த்தம். ஒரு வரி விட்டுப்போனாலும் பெரியவர் திருப்பி அனுப்பிவிடுவார். ட்சிங்கூ விஷயத்தில் உலகத்துப் பண்டிதர்கள் எல்லாரும் எடுத்த நகலை எங்கள் பெரியவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

தப்பைத் திருத்தியவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். லியோனைச் சேர்ந்த தியெரி தோக்சுவா என்ற இயற்பியல் அறிஞர் 2008-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்த அம்மாள் 1958-இல் கல்யாணமாகி மென்ஸெல் என்று பெயர் மாறியிருந்தார். அதே இடத்தில் வேலை பார்த்து 1991-இல் ஓய்வு பெற்று, கணவரோடு அதே ஊரில் குடியிருந்தார். இப்போது பலரும் நான்கு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஊரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. எண்பதுகளில் ஒரு புயல் மழைக்குப் பிறகு நான் இருந்த அலுவலகத்தில் நிவாரணப் பட்டியல் தயாரித்தோம். தினக்கூலிக்கு வந்த ஒரு டைப்பிஸ்ட் அம்மாள் கைப்பிடி சுற்றும் ஃபேசிட் மெஷினை வைத்துக்கொண்டு ராத்திரி 9 மணிவரை கூட்டல் போட்டார். ஒன்பது நாள். மூன்று இடத்தில் எங்கள் தப்பை அவர்தான் கண்டுபிடித்தார். அறிக்கைக்கு முகப்புக் கடிதம் எழுதியது நான். என் டிராஃப்ட் நன்றாக இருக்கிறது என்று பாராட்டு வந்தது. அவரைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்து, வேலையை நிரந்தரமாக்க மனு போடுவதற்காக, அந்த வேலை பார்த்ததற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா என்று என்னிடம் வந்து கேட்டார். ஃபைலை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினேன். அலுவலகத்தால் தொகுக்கப்பட்டது என்று என் கையெழுத்தில் இருந்தது. "பரவாயில்லைங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போது எழுத ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

சம்பளம் வாங்கிக்கொண்டுதானே செய்தார்கள், பெயர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பேராசிரியரும் சம்பளம் வாங்குகிறவர்தான். அது மட்டுமில்லை. ஃபைலில் இனிஷியல் போடுவது பெருமைக்காக மட்டுமா? நாளைக்குத் தப்பு வந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரிய வேண்டும். பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் வில்சன் என்ற பேராசிரியர் 1970-இல் கட்டடங்களைக் கணக்கிட ஒரு புரோகிராம் எழுதி அதற்கு சாப் என்று பெயர் வைத்தார். ஆங்கிலப் பேச்சுவழக்கில் அதற்கு மடையன் என்று அர்த்தம். புரோகிராமுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, விடைக்குப் பொறுப்பு மனிதன்தான் என்பதை ஞாபகப்படுத்தவே அப்படி வைத்ததாக அவரே சொன்னார். அந்தப் பெயரில் வளர்ந்த புரோகிராமை நம் ஊர் எஞ்சினியர்களும் பயன்படுத்துகிறார்கள். பொறுப்பு மனிதனுக்கு என்றால், அந்த மனிதன் யார் என்று முகப்பிலேயே தெரிய வேண்டாமா?

இதைத்தான் பேத்தியிடம் சொன்னேன். அடுத்த கட்டுரையில் அந்த லாஸ் அலமோஸ் அறிக்கை மாதிரி இரண்டு பட்டியல் போடுங்கள், வேலையைச் செய்தவர்கள், எழுதியவர்கள் என்று. முதல் பட்டியலில் அந்த எஞ்சினியரும் வரட்டும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க சாரைக் கேட்டுப் பார்க்கிறேன் தாத்தா" என்றாள். அவள் அம்மா மாதிரியே, செய்ய நினைத்தால்தான் அப்படிச் சொல்வாள்.

அந்த டைப்பிஸ்ட் அம்மாளின் பெயரை இங்கே எழுத எனக்கு ஆசை. அவர் இப்போது இல்லை. குடும்பத்தாரைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை. அவருடைய மகன் இருக்குமிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு கடிதம் போட்டிருக்கிறேன். சம்மதம் வந்தால் பெயரை அடுத்த பதிவின் முதல் வரியில் எழுதுவேன்.