மூலிகைக் காற்று வால்வைத் திறக்காது

கொல்லிமலைக்குப் போனால் நோயே வராதாம். மூலிகைக் காற்றாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஆகாயகங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, மிளகும் பலாப்பழமும் வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் சொல்லும் கதை இது. அவர்கள் அந்தக் காற்றை ஒரு நாள் சுவாசிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அதையே சுவாசிக்கும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

தோழர்களே, இது இளைஞர்களின் இதயம் பற்றிய பதிவு. 2021 அக்டோபரில் நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்ததும் தொலைக்காட்சிகள் உடற்பயிற்சிக் கூடத்தைப் பற்றிப் பேசின. வாட்ஸ்அப்போ கொரோனா தடுப்பூசியைக் குற்றவாளி ஆக்கியது. 18 முதல் 45 வயது வரையிலானவர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்த ஐ.சி.எம்.ஆர்., தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்று 2023இல் சொன்னது. சரி. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் இதயத்தைத் தேடிப்பிடித்துத் தாக்கும் ஒரு நோய் இருக்கிறதே, அதற்கு எந்தச் சேனலில் விவாதம் நடந்தது?

அதன் பெயர் ருமாட்டிக் இதய நோய். சிறுவயதில் வரும் தொண்டைவலியில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள். இரண்டு மூன்று வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் வலியும் வரும். சிலருக்குக் கை கால்கள் தானாக ஆடும். 'சேட்டை பண்ணுது' என்று அடி வாங்கும் பிள்ளைகளும் உண்டு. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன் இதய வால்வையே தாக்குகிறது. ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் வால்வு இன்னும் கொஞ்சம் தடித்து, சுருங்குகிறது.

பத்து இருபது வருடம் எதுவும் தெரியாது. பிறகு மேடு ஏறினால் மூச்சு வாங்கும். பல பெண்களுக்கு முதல் கர்ப்பத்தில்தான் நோயே வெளியே தெரிகிறது. மைட்ரல் வால்வு சுருங்கியதால் இதயத்தின் மேலறை வீங்கி, துடிப்பு தாறுமாறாகிறது. ஒழுங்காகத் துடிக்காத அறையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த இரண்டும் சேர்ந்தவருக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 17 மடங்கு.

இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் திடீரென்று வாய் கோணி, பேச்சு குழறி, ஒரு கை விழுந்து, தள்ளாடி உட்கார்கிறான் என்று வையுங்கள். அவன் சேரிப் பையனாகவோ மலைப் பையனாகவோ இருந்தால் சுற்றி நிற்பவர்கள் முதலில் என்ன சொல்வார்கள்? 'குடிச்சிருக்கான்.' கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். 70 வளைவுகள் இறங்கிப் போக வேண்டியவனுக்கு அந்தக் கெடுவில் பாதியைச் சாலை தின்னும். மீதியைச் சாதியின் கண் தின்னும்.

இதை விதி என்று சொல்லாதீர்கள். ஐரோப்பாவில் பெனிசிலின் வருவதற்கு முன்பே இந்தக் காய்ச்சல் குறையத் தொடங்கிவிட்டது. காரணம் மருந்தல்ல, வீடு. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுப்பது குறைந்தது, கிருமி தாவுவதும் குறைந்தது. இன்றைக்குப் பணக்கார ஆஸ்திரேலியாவில் இந்த நோய் யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் அந்த மண்ணின் பூர்வகுடிகளிடம். கண்டம் மாறினாலும் நோய் விலாசம் தேடி வருகிறது: நிலம் பறிக்கப்பட்டவன் வீடு, ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவன் வீடு.

தடுக்கும் மருந்து 1950களிலிருந்தே இருக்கிறது. பென்சத்தீன் பெனிசிலின். ஒரு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி, பல வருடங்களுக்கு. மலிவான மருந்து. ஒவ்வாமைக்குப் பயந்து பல இடங்களில் போடவே மறுக்கிறார்கள். கடுமையான ஒவ்வாமை அரிது; அதைச் சமாளிக்கும் மருந்தும் பயிற்சியும் கொடுப்பது அரசின் வேலை. வால்வு கெட்டபின் அறுவை சிகிச்சைக்கு அரசுக் காப்பீட்டில் லட்சக்கணக்கில் பணம் உண்டு. கெடாமல் காக்கும் ஊசியைத்தான் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஊசி போட்டால் திறப்பு விழா கிடையாது அல்லவா?

துடிப்பு கெட்டுப்போனவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற பழைய மாத்திரைதான் இன்றும் நல்லது. புதிய மாத்திரையைவிட அதுவே அதிக உயிர்களைக் காத்தது என்று 24 நாடுகளில் சுமார் 4,500 பேரிடம் நடந்து 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. ஆனால் அதற்கு அடிக்கடி ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை வேண்டும். அளவு குறைந்தால் பக்கவாதம், கூடினால் ரத்தக்கசிவு. ஒரு சொட்டு ரத்தம் காட்டக் கூலியை விட்டு மலை இறங்கச் சொன்னால், மாத்திரையை நிறுத்தியவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

அதனால் கேளுங்கள். 2013இல் தொடங்கிய பள்ளிச் சிறார் நலத் திட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே ருமாட்டிக் இதய நோய் இருக்கிறது. மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துக் கேட்டார்களா? கண்டுபிடித்த பிள்ளைகளின் பதிவேடு எங்கே? 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறது. பெனிசிலினும் ஐ.என்.ஆர். கருவியும் ஏன் அதே பையில் வரக் கூடாது? நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் இதய மருத்துவம் மாதம் ஒரு முறையாவது செம்மேட்டுக்கு ஏறட்டும். ஆடி 18க்கு வல்வில் ஓரி விழா எடுக்க ஏற முடிகிற அரசுக்கு மற்ற மாதங்களில் வழி தெரியாதா?

விடுதி மாணவர்களே, இது உங்கள் விஷயமும்தான். ஆதிதிராவிடர் நல விடுதியில் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை ஒரு மருத்துவக் குறிப்பு, மனுவில் எழுதுங்கள். தொண்டைவலியோடு காய்ச்சல் வந்த தம்பியை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். யாருக்காவது வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் வாயை முகர்ந்து பார்க்காதீர்கள். மணியைப் பாருங்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

நமக்குக் காற்றின் புகழ் வேண்டாம். ஊசி வேண்டும், வீடு வேண்டும்.

ஜெய்பீம்.