புல்வெளிக் குட்டைகள்: நீர்ப்பறவை வேட்டைக்காரர் சங்கத்தின் நிலைப்பாடு

சாக்கெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் அளித்த தீர்ப்பின்படி, ஆறுகளோடும் ஏரிகளோடும் மேற்பரப்பில் இடைவிடாமல் இணைந்திருக்கும் ஈரநிலங்களுக்கு மட்டுமே தூய நீர்ச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. டகோட்டா, மின்னசோட்டா சமவெளிக் குட்டைகளில் பெரும்பாலானவை எந்த ஆற்றோடும் சேர்வதில்லை. அவற்றைக் காங்கிரஸ் சட்டத் திருத்தத்தின் மூலம் மீண்டும் பாதுகாப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே சங்கத்தின் நிலைப்பாடு.

ஏப்ரலில் பனி உருகும்போது கோதுமைத் தாள் நிற்கும் வயலின் பள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கும். ஆழமான ஏரிகள் உறைந்தே கிடக்க, இந்தக் குட்டை வெயிலில் சீக்கிரம் சூடேறி, நத்தையும் புழுவும் நெளியத் தொடங்கும். தெற்கிலிருந்து வந்திறங்கும் ஊசிவால் வாத்துப் பெட்டைக்கு முட்டையிடத் தேவையான புரதம் அதில்தான் இருக்கிறது. ஜோடிகள் ஒன்றையொன்று அண்டவிடாது. அதனால் பத்து ஏக்கர் ஏரி ஒன்றைவிட, ஒரு ஏக்கர் குட்டைகள் பத்தில் அதிக ஜோடிகள் தங்கும். கோடையில் குட்டை வற்றி, டிராக்டர் அதன்மேல் ஓடும். அப்போது பார்த்துவிட்டு இது நீர்நிலையே அல்ல என்போர் ஏப்ரலில் வந்து வயலோரம் நிற்கட்டும். துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை மண்ணுக்கடியில் பதித்துவிட்டால், அடுத்த ஏப்ரலில் அங்கே தண்ணீரும் இல்லை, வாத்தும் இல்லை.

உழவர்கள்மீது பழிபோடுவது நோக்கமன்று. உறுப்பினர்களில் பலர் உழவர்களே. ஈரநிலத்தை வடித்துப் பயிரிடுவோருக்கு மத்திய மானியம் கிடையாது என்ற 1985ஆம் ஆண்டு விதி இயன்றவரை தளர்த்தப்படாமல் தொடர வேண்டும் எனச் செயற்குழு கருதுகிறது. ‘இயன்றவரை’ என்ற சொல்லைச் சிலர் ஏற்கவில்லை.

16 வயது நிரம்பிய நீர்ப்பறவை வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் 1934 முதல் வாத்து ஸ்டாம்ப் வாங்கியாக வேண்டும். ஒரு டாலரில் தொடங்கிய விலை 2015இல் 25 டாலரானது. டாலருக்கு 98 சென்ட், புகலிட நிலங்களை வாங்கவும், குட்டையை வடிக்கவோ நிரப்பவோ மாட்டேன் என நில உரிமையாளர் எழுதித்தரும் பத்திரங்களுக்கு ஈடுதரவும் போகிறது. அந்தக் காசை வாங்கிக்கொண்டே பக்கத்துக் குட்டையை வடிக்க அரசு வழிவிடுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. ஸ்டாம்ப் விலையை உயர்த்துவதைச் சங்கம் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. தொகை பற்றி இப்போதைக்கு முடிவில்லை.

ஒரு நாளில் எத்தனை வாத்து சுடலாம் என்ற வரம்பில் மாற்றம் எதையும் சங்கம் கோரவில்லை. ஈயக் குண்டு விவகாரம் 1991ஆம் ஆண்டின் நாடு தழுவிய தடையோடு முடிந்தது. வேட்டையே கூடாது என்போரும் குட்டைகளுக்காகக் குரல் கொடுத்தால் வரவேற்கப்படுவர்.

காங்கிரஸ் செயல்படும்வரை மாநிலச் சட்டமே துணை. மின்னசோட்டாவில் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 1991இலேயே வந்துவிட்டது. அதற்கு நிகரான சட்டத்தை இரண்டு டகோட்டா மாநிலங்களும் இயற்ற வேண்டும்.