வேதக்காரி அழலாமா?



என்னை ஆசிரியையாக வார்த்தெடுத்த பெரியவர் அண்மையில் மறைந்தார். கோலா கெத்தில் வட்டாரத்துத் தோட்டப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சைவர், நான் கிறித்துவள்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து நேரே அவரிடம் வந்தபோது எனக்குப் பாடக்குறிப்பு எழுதத் தெரியும். பிள்ளைகளைப் பார்க்கத் தெரியாது. ஒருநாள் என் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து கவனித்தவர், "அந்தப் பையனோட எழுத்தைத் திருத்துறதுக்கு முன்னால, காலையில பசியாறினானான்னு கேளம்மா" என்றார். இருபது ஆண்டுகளாக அந்தக் கேள்வியோடுதான் என் வகுப்பு தொடங்குகிறது.

அவர் உடலருகே நான் நின்று அழுதபோது இரு குரல்களைக் கேட்டேன். "வேதக்காரங்க இங்க முன்னால நிக்கலாமா?" என்றார் துக்கத்துக்கு வந்த ஓர் அம்மா. பிறகு சபை அன்பர் ஒருவர், "விசுவாசமுள்ளவர் இப்படி அழலாமா?" என்று கேட்டார். இருவருமே கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆயினும், இரு கேள்விகளும் தவறானவை என்பதே என் கருத்து.

யோவான் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போவதை அறிந்திருந்தும், கல்லறைக்குச் செல்லும் வழியில் இயேசு அழுகிறார். பவுலடிகளும் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் துக்கத்தைத் தடை செய்யவில்லை. நம்பிக்கை அற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறார். கண்ணீர் விசுவாசக் குறைவு அன்று. அன்பு இருந்ததற்குச் சான்று.

முதல் கேள்விக்குத் தமிழ் வரலாறே விடை சொல்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்துப் பெரும்புலவர், பழுத்த சைவர். கிறித்துவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். அந்த நண்பர்மீது அவர் 'குளத்தூர்க் கோவை' பாடினார். 1876 பிப்ரவரி 1-ஆம் நாள் மகாவித்துவானின் உயிர் பிரிந்த வேளையை அவர் மாணவர் உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். உ.வே.சா. திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை வாசிக்கிறார். ஆசிரியரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் மாணவர். அவர் கிறித்துவர்!

அந்தக் காட்சியை எண்ணும்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது. சவேரிநாதர் தம் சமயத்தை விட்டுவிடவில்லை. திருவாசகம் ஒலிக்கிறதே என்று விலகி நிற்கவும் இல்லை. அவருக்கு அப்போது தெரிந்ததெல்லாம், ஆசிரியரின் உடலுக்கு ஒரு தாங்கல் வேண்டும் என்பதுதான்.

நான் வாய்க்கரிசி போடவில்லை. அவருடைய மூத்த மகன், "வாங்கக்கா, அப்பா பக்கத்துல நில்லுங்க" என்று அழைத்தார். பிள்ளைகள் தேவாரம் பாடியபோது கைகூப்பி நின்று எனக்குத் தெரிந்த முறையில் செபித்தேன். ஐயா இப்போது எங்கே இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அன்று. அவரை எனக்குத் தந்தவரிடமே அவரை ஒப்படைத்தேன். என் விசுவாசம் எனக்குத் தந்த ஆறுதல் அதுதான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாவு வீட்டுக்குப் பிள்ளைகள் வரக்கூடாது என்று சிலர் தடுத்துவிட்டீர்கள். பயந்த பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். ஆனால், தமக்கு எழுத்தறிவித்தவரை வணங்கி வழியனுப்ப விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். "ஐயா வெளியூர் போயிருக்கிறார்" என்று பொய்யும் சொல்லாதீர்கள். இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள். கூட அமர்ந்து அழுங்கள். நாம் அழுவதையும் அழுதபின் எழுந்து வேலைக்குப் போவதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

ஓய்வுக்குப் பின்னும் ஐயா சனிக்கிழமை விடுமுறைகளில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வந்தார். அவர் மறைந்த அடுத்த சனிக்கிழமை ஏழு பிள்ளைகள் வழக்கம்போல் வந்து நின்றார்கள். கண்களைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். முதலில் கேட்டேன்:

"எல்லாரும் பசியாறிட்டீங்களா?"