கரண்ட் போனாலும் எழுந்து நிற்கிற இயங்குதளம் எது?

லினக்ஸ் நல்லதா, ஃப்ரீபிஎஸ்டி நல்லதா என்ற சண்டை பழசு. லினக்ஸ் 1991இல் வந்தது, ஃப்ரீபிஎஸ்டி 1993இல். இரண்டும் யுனிக்ஸ் குடும்பம்தான். 2017 நவம்பர் முதல் உலகின் முன்னணி 500 சூப்பர் கணினிகளும் லினக்ஸில் ஓடுகின்றன. நெட்ஃபிளிக்ஸ் படம் அனுப்புகிற சர்வர்களோ ஃப்ரீபிஎஸ்டியில் ஓடுகின்றன. உச்ச வேகத்தில் ரெண்டுமே குறைஞ்சது இல்லை.

பொகவந்தலாவையில் இருந்து பார்த்தா கேள்வியே வேற. மழையும் மின்னலும் வந்தா கரண்ட் போகும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. யூபிஎஸ் இல்லாத பழைய கணினி வேலைக்கு நடுவுல அணைஞ்சா என்ன ஆகும்? நமக்கு உறுதி என்பதன் பரீட்சை அதுதான்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, டிஸ்க்கின் அமைப்பில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிடும். கரண்ட் வந்ததும் அதைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நீங்க சேமிக்காத பக்கம் திரும்ப வராது; டிஸ்க் குழம்பாது, அவ்வளவுதான். ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் இசட்எஃப்எஸ் ஒரு படி மேல. பழைய தரவின்மேல் எழுதாமல், புதியதை வேறு இடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதை விடும். கெட்டுப்போன தரவையும் கண்டுபிடிக்கும்.

உறுதிக்கு மட்டும்னா என் வோட்டு இசட்எஃப்எஸ்ஸுக்கு. ஆனா அது நினைவகத்தை நிறையக் கேட்கும். 2 ஜிபி ராம் உள்ள இயந்திரம் திணறும். பழைய மடிக்கணினியின் வைஃபைக்கு டிரைவர் கிடைப்பதும் லினக்ஸில்தான் சுலபம். அதனால நம்ம கைக்கு டெபியன், அதன்மேல் எக்ஸ்எஃப்சிஇ மாதிரி இலேசான திரை. அது போதும்.

இதை இப்போ பேசக் காரணம் இருக்கு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பல பழைய கணினிகளில் இல்லை. நல்லா ஓடுற இயந்திரத்தைக் குப்பைன்னு ஒதுக்கிட்டா, புதுசு வாங்க யாரிடம் பணம் இருக்கு?

"வேலைக்குப் போனா விண்டோஸ்தான் கேட்பாங்க" என்பாங்க. சரி, அதையும் கத்துக்கலாம். ஆனா கேரள அரசுப் பாடசாலைகள் பல வருஷமா லினக்ஸில்தான் கணினி படிப்பிக்கின்றன. அந்தப் பிள்ளைங்க வேலைக்குப் போகாமலா இருக்காங்க? உங்க கையிலிருக்கும் அண்ட்ரோயிட் போனின் அடியிலும் லினக்ஸ்தானே!

ஒரு குறை உண்மை: பழுதானா டவுன் கடையில் லினக்ஸ் தெரிஞ்சவரைத் தேடணும். அதனால ஒவ்வொரு இளைஞர் கழகத்திலும் ரெண்டு பேராவது நிறுவவும் பழுதுபார்க்கவும் பழகணும். அந்த ரெண்டு பேர் இல்லாம எந்த இயங்குதளமும் இங்க நிலைக்காது.