பண்ணை வீடு என்னும் சொல்

பண்ணை என்றால் ஏரும் மாடும் களத்து மேடும் ஆட்களும் என்றுதான் நம் நாவல்கள் நமக்குச் சொல்லித் தந்தன. 'பண்ணை வீடு' என்பது இப்போது வேறொன்று. வெள்ளிக்கிழமை மாலை சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ காரில் வந்து, ஞாயிறு மாலை பூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கான வீடு. சுற்றிலும் கம்பி வேலி, உள்ளே புல்தரை, காவலுக்கு ஓர் உள்ளூர்க்காரர். சில வேளை அந்நிலத்தை விற்றவரே அவராகவும் இருப்பார். வீடு எழுந்த பிறகும் கிராமக் கணக்கில் அந்நிலம் புன்செய்தான். அடங்கலில் பயிர் என்ற பத்தியில் சாமை என்றோ கொள்ளு என்றோ எழுதியிருந்தாலும் வியப்பதற்கில்லை.

இச்சொல்லைப் பற்றி இப்போது பேசத் தூண்டுவது ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து, செய்யாறு பிறக்கும் இம்மலையில் சாமையும் பலாவும் புளியும் தேனும் கொண்டு வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பக்கத்திலுள்ள ஏலகிரி என்ன ஆயிற்று என்பதை வாசகர் அறிவர். ஏலகிரிக்கு ஏறும் சாலையின் 14 கொண்டையூசி வளைவுகளுக்குப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. பாரியையும் ஓரியையும் கடந்து மேலே சென்றால் விடுதிகள், வார இறுதி வீடுகள், மீண்டும் விடுதிகள். (பெயர் வைத்தவர் அறிந்தே வைத்தாரா என்பது நம் நெடுநாளைய ஐயம்.) ஜவ்வாது மலை இன்னும் அவ்வளவு தூரம் போய்விடவில்லை. ஆகவேதான் இப்போதே பேச வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், அனுமதியின்றி நடக்கும் கட்டுமானத்தை நிறுத்த 57ஆம் பிரிவையும், கட்டி முடித்ததை அகற்ற 56ஆம் பிரிவையும் தந்திருக்கிறது. நிறுத்த ஒரு தாள் போதும். அகற்றுவதற்கோ ஒரு தலைமுறை வேண்டியிருக்கிறது. நீலகிரியில் யானை வழித்தடத்தை மறித்து நின்ற விடுதிகள் குறித்து உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. அவற்றைப் பூட்டச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2018இல் ஆணையிட நேர்ந்தது. வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020இல் மறுபடியும் சொல்ல நேர்ந்தது. கொடைக்கானலில் விதிக்குப் புறம்பாக எழுந்த ஏழு மாடி விடுதி வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று தீர்ப்பு வந்தபோது, தருமபுரியில் பேருந்தோடு எரிக்கப்பட்டு மாண்ட மூன்று மாணவியரைத் தமிழகம் மறந்திருக்காது. ஒரு கட்டடத்தின் கூடுதல் தளங்கள் அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தன.

விதிமீறிய வீடு சட்டத்தின் கண்ணில் வீடாக மாறும் வழி எளியது. விளைநிலம் விளைநிலமாகவே பத்திரப் பதிவாகிறது. கொட்டகை என்ற பெயரில் அடித்தளம் போடப்படுகிறது. ஊராட்சி வீட்டு வரி வாங்கிக்கொள்கிறது. வரி ரசீதைக் காட்டி மின் இணைப்பு. மின் கட்டண ரசீதைக் காட்டி மற்றவை. அனுமதி என்ற ஒன்று மட்டும் இல்லாமல் மற்றெல்லாத் தாள்களும் சேர்ந்துவிடுகின்றன. பின்னொரு நாள் 'வரன்முறைப்படுத்தல்' வருகிறது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் அரசு விதிகள் வகுத்து, 2016 அக்டோபர் 20க்குள் ஒரு மனையேனும் விற்றுப் பதிவான மனைப்பிரிவுகளைக் கட்டணம் பெற்று ஏற்றுக்கொள்ள முன்வந்தது. மலைப்பகுதிகளுக்கெனத் தனி விதிகள் 2020இல் வந்தன.

இந்தத் தேதிக்கு அருகில் இன்னொரு தேதியை வைத்துப் பார்க்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறோம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, காட்டு நிலத்தில் வாழும் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பே அந்நிலம் தம் அனுபவத்தில் இருந்ததாக மெய்ப்பிக்க வேண்டும். கிராம சபை, கோட்டக் குழு, மாவட்டக் குழு என மூன்று படிகள் ஏற வேண்டும். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டா வழங்குவதே 2016 வரை முடங்கிக் கிடந்தது. 2019 பிப்ரவரியில், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, இரண்டு வாரங்களில் அதைத் தானே நிறுத்திவைத்தது. மனை வாங்கியவருக்குப் பதினோராண்டு பிந்திய தேதியும் ஒரு கட்டணச் சீட்டும். மலையில் பிறந்தவருக்கு முந்திய தேதியும் மூன்று குழுக்களும். முன்னவரின் குற்றத்துக்கு 'விதிமீறல்' என்று பெயர், பின்னவருடையதற்கு 'ஆக்கிரமிப்பு'. நம் அலுவலகத் தமிழின் நுட்பம் இப்படியும் வெளிப்படுகிறது.

மலைவாழ் மக்களுக்கு அரசு வழங்கிய நிலம் பிறர் கைக்குப் போகாமல் காக்க வருவாய் நிலையாணை 15-40 இருக்கிறது. ஆனால் அது நிர்வாக ஆணை, சட்டமன்றம் இயற்றியதன்று. ஆந்திரத்தின் பட்டியல் பகுதிகளில் 1970 முதல் இத்தகைய விற்பனையைச் சட்டமே தடுக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை.

"பழங்குடியினர் தம் நிலத்தை நல்ல விலைக்கு விற்கக் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. விற்க முடியாத நிலத்தின் பேரில் வங்கி கடன் தராது. மகளின் படிப்புக்குப் பணம் வேண்டியவரிடம் சூழலியல் பேசுவது அழகுமல்ல. ஆயினும் நல்ல விலை என்பது வீட்டுமனைக்கு உள்ள விலை. சாமை நிலமாக வாங்கி மனைகளாக விற்பவருக்குத்தான் அது கிடைக்கிறது. வெளியார் வருகையை மலை வெறுத்ததில்லை. செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாமில் வழிநெடுக மலைவாழ் மக்கள் கூத்தருக்குச் சோறிடுகிறார்கள். விருந்தினர் தங்க வேண்டுமென்றால் நிலத்துக்குரியவரே தம் நிலத்தில் அனுமதியோடு இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடட்டும். அதற்கு எளிய விதி வகுப்பது கடினமன்று.

இம்மலையில் இருளுக்கும் மதிப்புண்டு. காவலூரில் 1960களின் இறுதியில் வானாய்வுக்கூடம் அமைந்தது, நகர வெளிச்சம் எட்டாத வானம் அங்கே இருந்ததால். 1977இல் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வை அங்கிருந்தும் பதிவு செய்தார்கள். 1988இல் அங்கே கண்டறிந்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு எதிரில் வேலியோரமெங்கும் விளக்கெரியும் வார இறுதி வீடுகள் வரிசையாக முளைத்தால், அந்த வானத்தை எந்தக் கட்டணத்துக்கு வரன்முறைப்படுத்துவது?

இடிப்பதில் நமக்கு ஆர்வமில்லை. இடிக்கும் இயந்திரம் முதலில் யார் வாசலில் போய் நிற்கும் என்பதை நாடு முழுவதும் பார்த்துவருகிறோம். தம் பட்டா நிலத்தில் மகனுக்காக இன்னொரு வீடு எழுப்பும் மலையாளிக் குடும்பத்தையும் வேலியிட்ட மாளிகையையும் ஒரே படிவத்தில் அடைக்கும் நடவடிக்கை நமக்கு வேண்டாம். வேண்டியது 57ஆம் பிரிவு, அடித்தளம் தோண்டும் வாரத்திலேயே. அதற்கு முன்னதாக, ஜமுனாமரத்தூர் ஒன்றியத்து ஊராட்சிகளில் அடுத்த கிராம சபை கூடும்போது அடங்கலைக் கொண்டுவந்து உரக்க வாசிக்கச் சொல்லலாம்: எந்தப் புல எண்ணில் சாமை, எந்தப் புல எண்ணில் நீச்சல் குளம்.