முந்நூறு ரூபாய்க்கு வரவு செலவு

பிள்ளைக்கு 18 வயது நிறையும் நாளில் பெற்றோரின் இயற்கைப் பாதுகாவலர் என்ற தகுதி சட்டத்தின் பார்வையில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலான குடும்பங்கள் அந்த நாளைக் கவனிப்பதில்லை. கவனிக்கும் தேவையும் எழுவதில்லை. அறிவுசார் குறைபாடோ, மூளை முடக்குவாதமோ, ஆட்டிசமோ உள்ள பிள்ளையின் தாய்க்கு மட்டும் அன்றுதான் காகித வேலை தொடங்குகிறது. நேற்றுவரை மகளின் வங்கிக் கணக்கில் செல்லுபடியான அவரது கையொப்பம் இன்று செல்லாது. பெற்று வளர்த்தவரே பாதுகாவலர் என்பதற்கு இனிச் சான்றிதழ் வேண்டும்.

அச்சான்றிதழை வழங்குவது 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் உருவாக்கிய உள்ளூர் அளவிலான குழு. மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரி ஒருவர், பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இருக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் அது கூட வேண்டும். நீதிமன்றப் படியேறாமல், வழக்கறிஞர் கட்டணமின்றிப் பாதுகாவலரை நியமிக்க வழிசெய்த வகையில் இது முன்னேற்றமே. மாற்றுத்திறனாளிகளும் பெற்றோர்களும் நெடுங்காலம் கோரிப் பெற்ற சட்டம் இது என்பதை மறந்துவிடலாகாது.

இடர்ப்பாடு 16ஆம் பிரிவில் இருக்கிறது. நியமனம் பெற்ற 6 மாதங்களுக்குள் மாற்றுத்திறனாளியின் அசையாச் சொத்துகள், அவர் பொருட்டுப் பெறப்பட்ட அசையும் சொத்துகள், அவருக்கு வரவேண்டிய பாக்கிகள், அவர் செலுத்தவேண்டிய கடன்கள் அனைத்துக்கும் பட்டியல் தர வேண்டும். அதன்பின் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதங்களுக்குள், வந்த தொகை, செலவிட்ட தொகை, கையிருப்பு ஆகியவற்றின் கணக்கை ஒப்படைக்க வேண்டும். இந்தச் சொற்கள் எந்த வீட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை? 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் முதலாகவே இச்சட்டங்களின் மொழி எஸ்டேட்டின் மொழி. வாரிசின் நிலபுலன்களைச் சித்தப்பன் விழுங்கிவிடாமல் காக்கும் மொழி. நிலமற்ற விவசாயத் தொழிலாளியின் மகளுக்கு அப்பட்டியலின் ஒவ்வொரு வரியும் ‘இல்லை’ என்றே முடியும். ஆயினும் அந்த ‘இல்லை’யை எழுத்தில் கொண்டுவந்து கொடுக்க அவர் ஒரு நாள் கூலியை இழந்து மாவட்டத் தலைநகருக்குச் செல்ல வேண்டும். ஒன்றிய அரசின் விதிகளும் படிவங்களும் அரசிதழில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளிவருபவை. சந்தாலி பேசும் ஜார்க்கண்ட் தாய்க்கு அவற்றைப் படித்துச் சொல்பவர் யார்? பெரும்பாலும் அலுவலக வாசலில் அமர்ந்து மனு எழுதித் தருபவர்தான். அவருக்கும் கட்டணம் உண்டு.

அந்தக் கணக்கில் வரவு வைக்கப்படும் தொகையையும் பார்க்க வேண்டும். 2009இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 2012 முதல் மாதம் 300 ரூபாய். அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்து, 80 சதவீத ஊனமும் இருந்தால்தான். விலைவாசி எவ்வளவு ஏறினாலும் இந்த 300 மட்டும் அசையவில்லை. மாநிலங்கள் தம் நிதியிலிருந்து கூட்டிக் கொடுப்பதால்தான் ஓய்வூதியம் என்ற பெயருக்கே சற்றுப் பொருள் இருக்கிறது. அதே வங்கித் துறை 2014-15 முதல் 2023-24 வரை 16 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்திருக்கிறது. அந்தக் கடனாளிகளில் எவரும் ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் வரவு செலவுப் பட்டியலுடன் ஆட்சியர் அலுவலக வராந்தாவில் காத்திருப்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் கணக்கே வேண்டாம், ஏழைத் தாயை நம்பி விட்டுவிடலாம் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. விபத்து இழப்பீடு, தந்தையின் குடும்ப ஓய்வூதியம், பாகப்பிரிவினையில் வந்த வீட்டுப் பங்கு ஆகியவை நெருங்கிய உறவினர் கையிலேயே கரைந்துபோவது எல்லா ஊர்களிலும் நடப்பது. கரைத்தவரைக் கேள்வி கேட்கும் நிலையில் அந்த மாற்றுத்திறனாளி இருப்பதில்லை. சொத்தைக் கையாடும் அல்லது பராமரிப்பைக் கைவிடும் பாதுகாவலரை நீக்கக் கோரும் உரிமையை 17ஆம் பிரிவு தருகிறது. எழுதிவைத்த கணக்கு இல்லையெனில் அந்த உரிமைக்கு ஆதாரம் ஏது? நினைவிழந்து கிடப்போருக்குப் பாதுகாவலரை நியமிக்கத் தனிச் சட்டம் இல்லாத நிலையில், கேரள உயர்நீதிமன்றம் 2019இல் நெறிமுறைகளை வகுத்தபோது, 6 மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்றே விதித்தது. அங்கே விற்கப்படுவது வீடும் நிலமும்; அந்தக் கண்டிப்பு பொருத்தமானது.

எனவே கேள்வி கணக்கின் அளவைப் பற்றியது. அதை எழுதும் உழைப்பு யாருடையது என்பதையும் பற்றியது. இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடுகள் அவரவர் உரிமையையும் நலனையும் பாதிக்கும் அளவுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்கிறது. ஓய்வூதியம் தவிர வேறு வரவு இல்லாதவர் விஷயத்தில் அரசு கொடுத்த தொகை அரசின் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதைத் தாயிடம் திரும்பக் கேட்டு எழுதி வாங்குவது பாதுகாப்பு ஆகாது. அலுவலகத்தின் வேலையை அவர் தலையில் ஏற்றுவதே ஆகும். அத்தகையோருக்கு ஒரு பக்க அறிவிப்பு போதும். ஊராட்சி அளவில் ஊழியர் வீட்டுக்கே வந்து எழுதிக்கொள்ளலாம். அப்படி வருபவர் மாற்றுத்திறனாளியையும் நேரில் காண்பார். எந்தப் படிவமும் தராத பாதுகாப்பு அது.

பராமரிப்பை உழைப்பாக அங்கீகரிக்கும் முயற்சிகள் அரிது. படுக்கையில் உள்ளோரையும் கடும் ஊனமுற்றோரையும் பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று கேரளம் வகுத்த ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம் அவற்றுள் ஒன்று. தொகை சிறிது, கொள்கை பெரிது.

எல்லாக் காகிதங்களுக்கும் நடுவே ஒருவர் காணாமல் போகிறார். 2016ஆம் ஆண்டின் சட்டம், தம் நிதி விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கும் உரிமை மாற்றுத்திறனாளிக்கு உண்டு என்கிறது. பாதுகாவலர் வரையறுக்கப்பட்டவரே, குறிப்பிட்ட முடிவுக்கும் காலத்துக்கும் மட்டும் உரியவர், மாற்றுத்திறனாளியுடன் கலந்து முடிவெடுப்பவர். ஆனால் 1999ஆம் ஆண்டின் சட்டப்படி நிரப்பப்படும் ஆண்டுக் கணக்கில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதற்கே இடம். தன் பணத்தில் புதுச் சேலை வாங்க வேண்டுமென்று அந்தப் பெண் கேட்டாரா, அவர் கேட்டது நடந்ததா என்பது அதில் வராது. இரண்டு சட்டங்களையும் இணக்கப்படுத்தும் வேலை 2016 முதல் நிலுவையில் இருக்கிறது.

மாவட்டங்களில் பணியாற்றும் தோழர்கள் இதற்காகச் சட்டத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளூர்க் குழுவின் சான்றிதழை ஏற்குமாறு ரிசர்வ் வங்கி 2007இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. மறுக்கும் கிளையில் அதைக் காட்டலாம். ஏப்ரல், மே மாதங்களில் சங்க அலுவலகங்களில் கணக்கு எழுதித்தரும் முகாம்களை நடத்தலாம். ஆட்சியர் அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இம்மாவட்டக் குழு கடைசியாகக் கூடியது எந்தத் தேதியில்? நிலுவையிலுள்ள மனுக்கள் எத்தனை? அவற்றில், பாதுகாவலராக இருந்த தாய் இறந்துபோனதால் அடுத்தவரின் நியமனத்துக்காகக் காத்திருப்பவை எத்தனை?