பரங்கிக்காயும் பௌர்ணமியும்

இந்த வாரம் ஐப்பசிப் பௌர்ணமி. கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருவுடையாருக்கு அன்னாபிஷேகம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலில், சுமார் 13 அடி உயர லிங்கத்துக்கு அன்றைக்குச் சோறுதான் ஆடை. 100 மூட்டை வரை பச்சரிசி உலையேறும். வடித்த சோற்றை ஆறவைத்து, கூடை கூடையாகக் கருவறைக்குள் கொண்டுபோய், அடியிலிருந்து சாத்திக்கொண்டே மேலேறுவார்கள். காய், பழம், பலகாரமெல்லாம் வைத்துத் தீபாராதனை காட்டும்போது கருங்கல் கண்ணில் படாது. வெள்ளை வெளேரென்று சோறு மட்டும் நிற்கும்.

அதைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டுப் பந்தியை எப்படி அலங்கரிப்பது என்ற கேள்வி எழுவதில்லை. ஐப்பசி மழையில் துணி காயாது, கோலம் நிற்காது. ஆனால் கொல்லையில் வாழையிலை கழுவி வைத்த மாதிரி இருக்கும். நுனி இடப்பக்கம் வர இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தால் அலங்காரத்தில் பாதி முடிந்தது. மீதிப் பாதி சமையல்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு வெங்காயம், பூண்டு கிடையாது. முதல் நாளே சந்தையில் நாட்டுக் காயாகப் பொறுக்கிக்கொண்டு வருவோம். பரங்கிக்காய்க் கூட்டு, சேனைக்கிழங்கு வறுவல், வாழைக்காய்ப் பொரியல், சாம்பார், மழைக்கு இதமாக மிளகு ரசம், தயிர். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கமெல்லாம் முந்திரிக்காடு. பாயசத்தில் முந்திரிக்குக் கணக்குப் பார்த்தால் ஊருக்கே அவமானம். சேனையை மட்டும் புளித்தண்ணீரில் வேகவைத்துவிட்டு வறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும்.

இதே பருவத்தில் மேலை நாடுகளில் சாப்பாட்டு மேசையில் பழுத்த இலைகளைப் பரப்பி, நடுவில் பரங்கிக்காயை அழகுக்கு வைக்கிறார்கள். அறுவடை முடிந்த நிறைவை அப்படிக் காட்டுவது அந்த மண்ணின் வழக்கம். நம் மண்ணில் ஐப்பசி வேறு மாதிரியான மாதம். குறுவை வீடு வந்திருக்கும். சம்பா வயலில் பச்சையாக நிற்கும். பாதி கையில், பாதி மழையின் கையில். அந்த நேரத்தில் நூறு மூட்டை அரிசியைப் பொங்கி ஊருக்குப் போடத் துணிகிறார்களே, அந்தத் துணிவைத்தான் நான் பக்தி என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்த அலங்காரத்தில் ஒரு பருக்கையும் மறுநாளைக்கு என்று எடுத்து வைக்கப்படுவதில்லை. லிங்கத்தின் மேல் சாத்திய அன்னம் நீர்நிலைக்குப் போகும், மீன்களுக்கு. மற்றதெல்லாம் பிரசாதமாக வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும். குடைக்குள்ளும் துண்டுக்கு அடியிலும் நனைந்தபடி, கையில் தூக்குவாளியோடு நாங்கள் நின்றிருக்கிறோம்.

அப்பாயி அந்தச் சோற்றில் ஒரு பிடியை எடுத்து வீட்டுச் சோற்றுப் பானையில் போட்டுக் கிளறிவிட்டுத்தான் பரிமாறுவார். "இதுல எது சாமி சோறு அப்பாயி?" என்று கேட்டால், "இனிமே எல்லாமே அதுதான்டி, உக்காரு" என்பார். பந்தியில் யார் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. மழைக்கு ஒதுங்கியவருக்கும் இலை விழும். அதனால் சமைக்கும்போதே இரண்டு படி கூடப் போட்டுவிடுவார்.

கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் மாளிகைமேடு. ராஜேந்திரனின் அரண்மனை இருந்த இடம். இன்றைக்குச் செங்கல் அடித்தளம்தான் மிச்சம். அங்கே என்ன விருந்து நடந்தது, யார் யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று அந்தச் செங்கல் சொல்லாது. கோயில் வாசலில் பந்தி இன்றும் நடக்கிறது.

அப்பாயி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இந்தப் பௌர்ணமிக்கும் பரங்கிக்காயை நான்தான் நறுக்கப்போகிறேன். பத்துப் பேர் வருவார்கள். பன்னிரண்டு இலை நறுக்கி வைத்திருக்கிறேன்.